டேங்க்கைப் பார்க்காமல் இன்ஜெக்டரைக் கழற்றிய கதை

பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை ஆசைப்பட்டு வாங்கி, அது ஐடிலில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் நின்றபடி ஓடும்போது) நடுங்கி, ஆக்சிலரேட்டரை மிதித்தால் திக்கி, கடைசியில் யாரோ ஒருவர் "இன்ஜெக்டரைக் கிளீன் பண்ணிப் பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போன நிலையில் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். இன்ஜெக்டர் என்பது இன்ஜினுக்குள் பெட்ரோலை அளவாகத் தெளிக்கும் சின்ன மின்வால்வு, என் காரில் சிலிண்டருக்கு ஒன்று. நான் அந்த நிலையில் இருந்தபோது ஆளுக்கொரு துண்டாகச் சொன்னார்களே தவிர, எதை முதலில் பார்ப்பது, எதைத் தொடாமல் விடுவது என்று யாரும் வரிசையாகச் சொல்லவில்லை. விளைவு, ஏழு மாதம் போனது. காரை வாங்கிய விலையில் ஏறக்குறைய கால் பங்கு உதிரி பாகங்களுக்குப் போனது, அதில் பாதிக்கு மேல் தேவையே இல்லாத செலவு. நடுவில் கண்ணில் பெட்ரோல் அடித்துக்கொண்டேன். அடைப்பு மட்டுமே இருந்த ஒரு இன்ஜெக்டரை என் கையாலேயே கொன்றேன். கௌரவம் பார்க்காமல் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன்.

கார், 1991-ஆம் ஆண்டின் மாஸ்டா எம்எக்ஸ்-5, 1.6 லிட்டர் இன்ஜின். 1989-இல் வெளிவந்த முதல் தலைமுறை, ஹெட்லைட் தவளைக் கண் போல மேலே எழும்பி வருமே, அது. விற்றவர் எதையும் மறைக்கவில்லை. ஆறு வருடமாக ஷெட்டில்தான் நிற்கிறது, டேங்கில் பாதி பெட்ரோல் அப்போது ஊற்றியது என்று முதலிலேயே சொன்னார். நான்தான் அதைக் காதில் வாங்கவில்லை. "அப்ப ரொம்ப ஓடாத வண்டி" என்று உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன். புது பேட்டரி போட்டு, இன்ஜின் ஆயில் மாற்றி, பழைய பெட்ரோலின் மேலேயே இருபது லிட்டர் புதிதாக ஊற்றிச் சாவியைத் திருப்பினேன். நாலைந்து சுற்றில் பிடித்துக்கொண்டது. அந்தச் சத்தம் கேட்டதும் மூளை வேலை செய்வதை நிறுத்திவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். இந்தக் கதையில் நான் செய்த பெரிய தப்பு அந்த இருபது லிட்டர்தான். மற்ற தப்பெல்லாம் அதன் பிள்ளைகள்.

முதல் இரண்டு மாதம் வண்டி நன்றாகத்தான் ஓடியது. பிறகு சிக்னலில் நிற்கும்போது ஒரு சின்ன நடுக்கம். ஒரு வாரத்தில் அது தெளிவான மிஸ்ஸிங் ஆனது, அதாவது ஒரு சிலிண்டர் பற்றாமல் தவறுவது. மேட்டில் ஏறும்போது இழுவை இல்லை. புகைக்குழாய்ப் பக்கம் நின்றால் எரியாத பெட்ரோல் வாடை குப்பென்று அடித்தது. அந்த வாடைதான் என்னைத் தப்பான வழிக்குக் கூட்டிப் போனது. பெட்ரோல் வாடை வருகிறது என்றால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது, இதில் என்ன சந்தேகம் என்று முடிவு கட்டினேன். ஸ்பார்க் பிளக் நாலையும் கழற்றிப் பார்த்தபோது மூன்று கரி பூசியதுபோல் கறுப்பு, மூன்றாவது சிலிண்டருடையது மட்டும் வெளுப்பாக, சுத்தமாக இருந்தது. "பரவாயில்லை, ஒரு சிலிண்டராவது ஒழுங்காக எரிகிறது" என்று நினைத்தேன். இதை எழுதும்போது எனக்கே சிரிப்பு வருகிறது. ஒழுங்காக இல்லாதது அந்த ஒன்றுதான்.

பெட்ரோல் அதிகம் என்ற முடிவோடு, புகையில் மிஞ்சும் ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சாரை மாற்றினேன். மாற்றமில்லை. இந்த மாடலில் பிளக் வயர்கள் சீக்கிரம் கெடும் என்று படித்து வயர் செட்டை மாற்றினேன். நடுக்கம் கொஞ்சம் குறைந்தது போலிருந்தது, அல்லது செலவு செய்தவனுக்குக் குறைந்த மாதிரி தோன்றியது. அடுத்து செய்ததைச் சொல்லத்தான் வெட்கமாக இருக்கிறது. 1.6 லிட்டர் மாடலில் உள்ளே போகும் காற்றை அளக்க ஒரு தகடு வைத்த ஏர்ஃப்ளோ மீட்டர் இருக்கும். காற்று தள்ளினால் தகடு திறக்கும், ஒரு ஸ்பிரிங் அதை எதிர்த்து இழுக்கும். கறுப்பு மூடியைப் பிரித்தால் அந்த ஸ்பிரிங்கை இறுக்கவும் தளர்த்தவும் ஒரு பல் சக்கரம். இறுக்கினால் தகடு குறைவாகத் திறக்கும், இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர் காற்று குறைவு என்று நம்பி பெட்ரோலைக் குறைக்கும். நான் ஐந்தோ ஆறோ பல் இறுக்கினேன். எத்தனை பல் என்று சரியாகச் சொல்ல முடியாததற்குக் காரணம், முதலில் இருந்த இடத்தில் ஒரு கோடு கூடப் போட்டு வைக்கவில்லை. நீங்கள் அந்த மூடியைத் தொடாதீர்கள். தொட்டே ஆக வேண்டும் என்றால் ஒரு மார்க்கர் பேனாவால் புள்ளி வைத்துவிட்டுத் தொடுங்கள்.

இதற்கு நடுவில் டேங்கில் ஊற்றும் கிளீனர் பாட்டில் இரண்டு தீர்ந்தது. அதைப் பற்றி ஒரு வார்த்தை. அந்தத் திரவங்கள் எல்லாமே ஏமாற்று வேலை என்று நான் சொல்ல மாட்டேன். இன்ஜின் சூடாக அணைந்த பிறகு, இன்ஜெக்டர் முனையில் ஒட்டியிருக்கும் துளி பெட்ரோல் அந்தச் சூட்டில் ஆவியாகி, பின்னால் ஒரு பிசினை விட்டுப் போகும். தினமும் கொஞ்சமாகச் சேரும் அந்தப் படிவை நல்ல கிளீனர் மெல்லக் கரைக்கும். பெட்ரோலிலேயே இதற்கான சுத்திகரிப்புச் சேர்மானம் கலக்க வேண்டும் என்று அமெரிக்காவில் 1995 முதல் சட்டமே இருக்கிறது. ஆனால் ஒரு இன்ஜெக்டர் பாதி அடைத்துப் போயிருந்தால், திரவம் போக வேண்டிய வழியே அடைந்திருக்கிறதே, எப்படிப் போய்க் கரைக்கும்? நன்றாக இருக்கும் மூன்றின் வழியே போய் அவற்றை இன்னும் பளபளப்பாக்கும், அவ்வளவுதான். அடைப்புக்குக் காரணம் துரு என்றால் எந்தப் பாட்டிலும் அதைக் கரைக்காது.

மூன்று மாதம் இப்படிப் போன பிறகு, காசு செலவில்லாத ஒரு சோதனையைச் செய்தேன். முதல் நாளே செய்திருக்க வேண்டியது. இன்ஜின் ஐடிலில் ஓடும்போது ஒவ்வொரு இன்ஜெக்டரின் கனெக்டரையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கழற்றி மாட்டுவது. ஒன்றாம் நம்பரைக் கழற்றினால் இன்ஜின் விழுந்து எழுந்தது. இரண்டும் அப்படியே. நான்கும் அப்படியே. மூன்றைக் கழற்றினேன், ஒன்றுமே நடக்கவில்லை. அது இருந்தாலும் இல்லாவிட்டாலும் இன்ஜினுக்கு ஒன்றுதான். நீளமான திருப்புளியின் முனையை இன்ஜெக்டர் மேல் வைத்து, பிடியைக் காதில் ஒட்டிக் கேட்டேன். நாலும் டிக் டிக்கென்று அடிக்கின்றன. ஆக மின்சாரம் வருகிறது, ஊசி அசைகிறது, பெட்ரோல்தான் போதுமான அளவு போகவில்லை. அப்படியென்றால் அந்தப் பெட்ரோல் வாடை?

இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு இரவு ஆனது. மூன்றாவது சிலிண்டருக்குப் பெட்ரோல் குறைவு, அதனால் அது சரியாகப் பற்றவில்லை. பற்றாத சிலிண்டருக்குள் போன காற்று அப்படியே வெளியே வருகிறது, அதிலிருக்கும் ஆக்சிஜனும் செலவாகாமல் வருகிறது. புகைக்குழாயில் உட்கார்ந்திருக்கும் சென்சாருக்கு எந்தச் சிலிண்டரிலிருந்து வந்தது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. ஆக்சிஜன் அதிகம், அதனால் பெட்ரோல் பற்றாக்குறை என்று கம்ப்யூட்டரிடம் சொல்கிறது. கம்ப்யூட்டர் நாலு இன்ஜெக்டரையும் கூடுதல் நேரம் திறந்து வைக்கிறது. அடைத்த மூன்றாம் நம்பருக்கு அது போதவில்லை, மற்ற மூன்றுக்கும் மிதமிஞ்சிப் போகிறது. கரி படிந்த மூன்று பிளக்கும் வெளுத்த ஒரு பிளக்கும் இதைத்தான் எழுதி வைத்திருந்தன, எனக்குத்தான் படிக்கத் தெரியவில்லை. நோயாளி ஒருவன், மருந்து சாப்பிட்டது மூன்று பேர். புது ஆக்சிஜன் சென்சார் வாங்கினேனே, பழையது பாவம், தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்துகொண்டிருந்தது.

கழற்றுவதற்கு முன் மல்டிமீட்டரை எடுத்து நாலின் மின்தடையையும் அளந்தேன். 13.6-லிருந்து 14.1 ஓம் வரை, நாலும் ஏறக்குறைய ஒன்று. இந்தக் காருக்கு 12 முதல் 16 ஓம் வரை சரி. இந்த அளவை எல்லாரும் கட்டாயம் எடுக்க வேண்டும், காரணம் இன்ஜெக்டரில் இரண்டு ஜாதி உண்டு. இப்படி 12 ஓமுக்கு மேல் இருப்பவை ஒன்று. 2, 3 ஓம் மட்டுமே இருப்பவை இன்னொன்று, பழைய ஸ்போர்ட்ஸ் கார்கள் பலவற்றில் இவைதான். இரண்டாம் ஜாதியை நேராக 12 வோல்ட் பேட்டரியில் வைத்தால் ஐந்து ஆம்பியர் பாயும், உள்ளே இருக்கும் காயில் (கம்பிச்சுருள்) சீக்கிரம் கருகும். அதற்குத் தனியாக ரெசிஸ்டரோ, மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவரோ வேண்டும். என்னுடையது முதல் ஜாதி என்று தெரிந்ததும் எனக்கு ஒரு தைரியம் வந்தது. அந்தத் தைரியம் எங்கே கொண்டுபோய் விட்டது என்று கொஞ்சம் கழித்துச் சொல்கிறேன்.

கழற்றிய நாள். இன்ஜின் அணைத்த பிறகும் இன்ஜெக்டர்களுக்கு மேலே இருந்து நாலுக்கும் பெட்ரோல் பிரித்துத் தரும் குழாயான பெட்ரோல் ரெயிலில் அழுத்தம் அப்படியே நிற்கும். ஓடும்போது இரண்டு முதல் மூன்று பார், அதாவது வெளிக்காற்றின் அழுத்தத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு. இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பம்புக்குப் போகும் மின்சாரத்தை ரிலேயில் துண்டித்து, அது தானாக மூச்சடங்கி நிற்கும் வரை விட்டால் அழுத்தம் இறங்கிவிடும். பிறகு பேட்டரியின் நெகட்டிவ்வைக் கழற்ற வேண்டும். இது எனக்குத் தெரியும், படித்திருக்கிறேன். "நேற்று ராத்திரி அணைத்த வண்டிதானே, இந்நேரம் இறங்கியிருக்கும்" என்று சோம்பேறித்தனப்பட்டு ஓஸ் கிளாம்ப்பைத் தளர்த்தினேன். பீய்ச்சி அடித்தது நேராக வலது கண்ணில். கண்ணாடி போடவில்லை. கால் மணி நேரம் குழாய்த் தண்ணீரைக் கண்ணில் விட்டுக்கொண்டே நின்றேன், பிறகு டாக்டரிடம் போனேன். இரண்டு நாள் சிவந்திருந்து தப்பியது. பெட்ரோல் கொட்டிய இடத்துக்கு இரண்டடி தள்ளி ஒரு சாதாரண பல்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது என்பது சாயங்காலம்தான் உறைத்தது, அப்போதுதான் கை நடுங்கியது. துணி சுற்றிப் பிடிக்காமல் எந்த ஓஸையும் தளர்த்தாதீர்கள். பக்கத்தில் தீயணைப்பான் இல்லாமல் இந்த வேலையை ஆரம்பிக்கவே ஆரம்பிக்காதீர்கள்.

ரெயிலைத் தூக்கும் முன் அந்த இடத்தைச் சுற்றிலும் காற்றடித்துச் சுத்தம் செய்ய வேண்டும். இன்ஜெக்டர் உட்காரும் குழி நேராக இன்டேக் வால்வை நோக்கிப் போகிறது, அதில் விழுவது இன்ஜினுக்குள் போகும். நான் காற்றடித்தேன், ஆனால் முப்பது வருடப் பழைய ரப்பர் இன்சுலேட்டர்கள் பிஸ்கட் போல நொறுங்கும் என்று எதிர்பார்க்கவில்லை. இரண்டாம் நம்பர் குழிக்குள் துண்டுகள் விழுந்தன. வேக்யூம் கிளீனர் குழாயின் முனையில் மெல்லிய டியூபை டேப் சுற்றி ஒட்டி, ஒரு மணி நேரம் துழாவி எடுத்தேன். பெட்ரோல் ஆவி இருக்கும் இடத்தில் வேக்யூம் மோட்டாரை ஓட்டினால் அது தீப்பிடிக்கும் வழி என்று பின்னால்தான் ஒருவர் திட்டினார். காய விட்டுக் குறட்டால் பொறுக்கியிருக்க வேண்டும். மற்ற குழிகளைத் துணியால் அடைத்த பிறகு இப்படி நடக்கவில்லை. ரெயிலுக்கு அடியில் போல்ட்டைச் சுற்றி இருக்கும் சின்ன பிளாஸ்டிக் ஸ்பேசர்களையும் எண்ணி ஒரு டப்பாவில் போடுங்கள், அவை ஓடி ஒளிவதில் கெட்டிக்காரர்கள்.

இப்போது அந்தத் தைரியம். கார்ப்பரேட்டர் கிளீனர் ஸ்பிரேயை ஒரு டியூப் வழியாக இன்ஜெக்டர் வாயில் பொருத்தி, பேட்டரியிலிருந்து இரண்டு வயர் எடுத்துத் தொட்டுத் தொட்டுத் திறந்தால் உள்ளே சுத்தமாகிவிடும் என்று ஒரு வீடியோ பார்த்திருந்தேன். ஒன்று, இரண்டு, நான்கு ஆகிய மூன்றுக்கும் அப்படித்தான் செய்தேன், நன்றாகவே பீய்ச்சியது. மூன்றாம் நம்பர் மட்டும் ஒரு பக்கமாகக் கோணலாக, கோடு போல வந்தது. சரி, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று வயரை கிளிப் போட்டு அப்படியே விட்டேன். ஸ்பிரே தீர்ந்ததைக் கவனிக்காமல் அடுத்த டப்பாவைத் தேடப் போனேன். கார் ஓடும்போது ஒவ்வொரு முறையும் இன்ஜெக்டர் சில மில்லி செகண்டுதான் திறந்திருக்கும், உள்ளே ஓடும் பெட்ரோல் அதைக் குளிர்விக்கவும் செய்யும். நானோ காய்ந்த இன்ஜெக்டரை நிமிடக்கணக்கில் திறந்தே வைத்திருந்தேன். திரும்பி வந்து தொட்டபோது விரல் சுட்டது. மல்டிமீட்டரில் ஓம் காட்டவே இல்லை, காயில் அறுந்துவிட்டது. அடைப்பு மட்டுமே இருந்த இன்ஜெக்டர் இப்போது நிஜமாகவே செத்துவிட்டது. எரியக்கூடிய ஸ்பிரேயின் புகைக்கு நடுவே பேட்டரி வயரைத் தொட்டுத் தீப்பொறி வரவழைத்துக்கொண்டிருந்தேன் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அன்றைக்கு இரவு நான் காரை விற்றுவிடலாம் என்று சீரியஸாக யோசித்தேன். மறுநாள் கோபம் தணிந்து இன்ஜெக்டர் தேட ஆரம்பித்தேன். விலை மலிவாக நாலு "புதிய" இன்ஜெக்டர் கிடைக்கிறது என்று வாங்கினேன். அளவு 230 சிசி, அதாவது முழுதாகத் திறந்தால் நிமிடத்துக்கு 230 மில்லி லிட்டர் பாயும் என்று எழுதியிருந்தது. என்னுடையது ஒரிஜினலாக 210 சிசி சுற்றி, அப்ப இது பெரிசு என்று பயந்தேன். பிறகுதான் தெரிந்தது, அழுத்தம் சொல்லாமல் சிசி சொன்னால் அது பாதி விவரம்தான். இன்ஜெக்டரில் பாயும் அளவு அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்து மாறும். அந்த 230 எடுத்தது 3.5 பாரில், அது 3 பாரில் 213. ஆக அளவு சரிதான். தரம்தான் சரியில்லை, அது பின்னால் தெரிந்தது. கூடவே, பழைய கார்களைப் பிரித்து விற்பவர் ஒருவரிடம் அதே மாடலின் ஒரிஜினல் ஒன்றையும் தனியாக வாங்கி வைத்தேன். நல்ல வேளை.

கடைசியில் செய்ய வேண்டியதைச் செய்தேன். பழைய மூன்று, பிரித்த காரிலிருந்து வந்த ஒன்று, புதியவை நாலு, மொத்தம் எட்டையும் இன்ஜெக்டர் சோதிப்பதையே தொழிலாகச் செய்யும் ஒரு பெரியவரிடம் கொண்டுபோனேன். அவர் முதலில் சுத்தம் செய்யவில்லை, அப்படியே அளந்தார். இது முக்கியம். சுத்தம் செய்வதற்கு முன்னால் எடுத்த எண் இல்லாவிட்டால், சுத்தம் செய்தது உதவியதா என்று யாருக்கும் தெரியாது. முன்னும் பின்னும் எண் தராத இடத்தில் கொடுக்காதீர்கள். நாலு சோதனை செய்தார். முழுதாகத் திறந்து வைத்து நிமிடத்துக்கு எத்தனை சிசி என்பது ஒன்று. காரில் நடப்பதுபோல் சின்னச் சின்னத் துடிப்பாகத் திறந்து மூடி அளப்பது இரண்டாவது, ஐடில் நடுக்கம் இதில்தான் பிடிபடும். மூடிய நிலையில் அழுத்தம் கொடுத்துச் சொட்டுகிறதா என்று ஒரு நிமிடம் பார்ப்பது மூன்றாவது. சொட்டினால் இரவெல்லாம் சிலிண்டருக்குள் இறங்கிச் சுவரில் இருக்கும் ஆயிலைக் கழுவிவிடும். நாலாவது, தெளிக்கும் விதம்: கூம்பு போலப் புகையாக வர வேண்டும், கோடாக வரக்கூடாது. இவற்றுக்கு அவர் பயன்படுத்தியது பெட்ரோல் அல்ல, அதைவிடச் சுலபத்தில் பற்றாத சோதனைத் திரவம்.

3 பாரில் என் மூன்றும் 196, 189, 199. பிரித்த காரிலிருந்து வந்தது 171. நான் மலிவாக வாங்கிய புதியவை 214, 201, 226, 209, அதில் ஒன்று சொட்டவும் செய்தது. நாலுக்கும் நடுவே இரண்டு மூன்று சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருக்கக்கூடாது என்பது அவர் கணக்கு. புதியவற்றில் பன்னிரண்டு சதவீதம் இருந்தது. "இத மாட்டியிருந்தா மறுபடியும் நடுங்கும் தம்பி, அப்ப நீங்க வேற எதையாவது கழற்றுவீங்க" என்றார். ஆளைப் பார்த்ததும் படித்துவிட்டார். பிறகு ஒரிஜினல் நாலின் வாயிலும் இருந்த கட்டைவிரல் நகத்தைவிடச் சின்ன சல்லடை ஃபில்டரை, ஒரு திருகாணியை இறுக்கி வெளியே இழுத்தார். வெள்ளைக் காகிதத்தில் தட்டினார். காப்பிப்பொடி போலப் பழுப்புத் தூள் கொட்டியது. ஒலி அலையால் அழுக்கை உதிர்க்கும் அல்ட்ராசோனிக் தொட்டியில், ஊசியைத் துடிக்க வைத்துக்கொண்டே அரை மணி நேரம், தலைகீழாகத் திருப்பித் திரவம் விட்டு அலசல், புது ஃபில்டர், புது ஓ ரிங் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்). மறு அளவில் 211, 208, 212, 209. அந்தக் காகிதத்தை இன்னும் வைத்திருக்கிறேன்.

கிளம்பும்போது அந்தப் பழுப்புத் தூளைக் காட்டி, "டேங்க்கைத் திறந்து பார்த்தீங்களா?" என்று கேட்டார். பார்க்கிறேன் என்றேன். பார்க்கவில்லை.

மாட்டும் வேலையில் ஒரே ஒரு இடத்தில்தான் சறுக்கினேன், ஆனால் அது பெரிய சறுக்கலாகியிருக்கும். ஓ ரிங்கில் சொட்டு இன்ஜின் ஆயில் தடவி, இன்ஜெக்டரை நேராக அழுத்தி, மாட்டிய பிறகு கையால் திருப்பிப் பார்த்தால் லேசாகச் சுழல வேண்டும். சுழலாமல் இறுகியிருந்தால் ஓ ரிங் மடங்கியிருக்கிறது என்று பொருள். முதலாம் நம்பர் சுழலவில்லை, "இறுக்கமாக இருப்பது நல்லதுதானே" என்று விட்டேன். என்னைக் காப்பாற்றியது இந்தக் காரின் ஒரு வசதி. இதில் சாவியை ஆன் செய்தால் மட்டும் பம்ப் ஓடாது, காற்று மீட்டரின் தகடு திறந்தால்தான் ஓடும். ஆனால் இன்ஜின் பக்கத்தில் இருக்கும் டயக்னாசிஸ் பெட்டியில் எஃப்/பி என்ற துளையையும் ஜிஎன்டி என்ற துளையையும் ஒரு வயரால் இணைத்துச் சாவியை ஆன் செய்தால், இன்ஜின் நின்றபடியே பம்ப் மட்டும் ஓடும். அப்படி ஓடவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தபோது ஒன்றாம் நம்பர் அடியில் பெட்ரோல் முத்து முத்தாகக் கோத்துக்கொண்டு நின்றது. நேராக ஸ்டார்ட் செய்திருந்தால், கீழே சூடாகும் இன்ஜின். உங்கள் காரில் எந்த வழி இருக்கிறதோ, இன்ஜினை ஓட்டாமல் அழுத்தம் மட்டும் ஏற்றி ஐந்து நிமிடம் உற்றுப் பார்த்துவிட்டு அப்புறம் ஸ்டார்ட் செய்யுங்கள். பழைய பெட்ரோல் ஓஸ்களையும் அப்போதே மாற்றிவிட்டேன். இன்ஜெக்ஷன் அழுத்தத்துக்கு எஸ்ஏஇ ஜே30ஆர்9 என்று அச்சிட்ட ஓஸ்தான் வேண்டும், கார்ப்பரேட்டர் வண்டிக்குப் போடும் சாதாரண ஓஸ் தாங்காது.

ஸ்டார்ட் செய்தேன். நிமிடத்துக்கு 850 சுற்றில் ஐடில் நின்றது, ஸ்டியரிங்கில் நடுக்கமே இல்லை. அன்று தேவையே இல்லாமல் இரண்டு மணி நேரம் ஓட்டினேன்.

ஐந்து வாரம். அவ்வளவுதான் நீடித்தது. ஒரு காலை மறுபடியும் அதே நடுக்கம், இந்த முறை நாலாம் நம்பர். ரோட்டோரம் நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கில் தலையை வைத்து உட்கார்ந்திருந்தேன். அந்தப் பெரியவரின் கேள்வி காதில் கேட்டது. வீட்டுக்கு வந்ததும் பின்சக்கரத்துக்கு முன்னால் அடியில் இருக்கும் பெட்ரோல் ஃபில்டரைக் கழற்றி, உள்ளே வரும் பக்கமாகத் தலைகீழாகக் கவிழ்த்தேன். சாயம்போன கறுப்புத் தண்ணீர் போல ஒன்று வந்தது, நாற்றம் பெயின்ட் வார்னிஷ் நாற்றம். டேங்கின் அடியில் இருக்கும் டிரெயின் பிளக்கைத் திறந்து முழுக்க இறக்கினேன், 45 லிட்டர் டேங்க் இது. கடைசி லிட்டரில் துருச் செதில்கள் மிதந்தன. பாதி டேங்கோடு நின்ற வண்டியில், மேல்பாதி வெறும் இரும்பு. ஆறு வருடம் குளிரும் வெயிலும் மாறி மாறி அடித்து உள்ளே ஈரம் வியர்த்து, அந்தப் பாதி முழுக்கத் துருப்பிடித்திருக்கிறது. கீழ்ப்பாதியில் பெட்ரோல் பிசினாகியிருக்கிறது. அதன் மேல் நான் இருபது லிட்டர் ஊற்றிக் குலுக்கி, எல்லாவற்றையும் இன்ஜெக்டருக்கு அனுப்பியிருக்கிறேன். ஃபில்டர் முடிந்தவரை பிடித்தது, அது நிறைந்த பிறகு மிச்சமெல்லாம் அந்தச் சின்னச் சல்லடைக்குப் போனது. நான் சுத்தம் செய்யச் செய்ய டேங்க் புதிதாக அனுப்பிக்கொண்டே இருந்தது.

டேங்க்கை இறக்கி, துரு எடுத்து, உள்ளே பூச்சு பூசி, பம்பின் அடிச் சல்லடையை மாற்றி, பெட்ரோல் ஃபில்டரைப் புதிதாகப் போட்டு, முந்நூறு கிலோமீட்டர் கழித்து அந்த ஃபில்டரையும் இன்னொரு முறை மாற்றி, இன்ஜெக்டர் நாலையும் இரண்டாம் முறை அதே பெரியவரிடம் கொடுத்தேன். அவர் எதுவும் கேட்கவில்லை. நான்தான் தானாகவே "டேங்க் பார்த்துட்டேன்யா" என்றேன். இரண்டு முறை கட்டிய கூலியை ஒரு முறையில் முடித்திருக்கலாம்.

ஆகவே, நெடுநாள் நின்ற வண்டியை வாங்கினால் பழைய பெட்ரோலை ஒரு சொட்டு விடாமல் இறக்குங்கள், ஃபில்டரைக் கவிழ்த்துப் பாருங்கள், அதில் வருவதைப் பார்த்துவிட்டு மேலே என்ன செய்வதென்று முடிவு செய்யுங்கள். பிளக்கின் நிறத்தையும், கனெக்டர் கழற்றும் சோதனையையும், ஓம் அளவையும் முதல் நாளே முடித்துவிடலாம், மூன்றுக்கும் சேர்த்து ஒரு மணி நேரம் போதும். இன்ஜெக்டரைக் கழற்றுவது அதற்குப் பிறகுதான். வீட்டில் சுத்தம் செய்வதைப் பற்றி என் கருத்து, சுத்தம் செய்யலாம், அளக்க முடியாது, அளக்க முடியாத சுத்தத்தால் பயனில்லை. கழற்றி மாட்டும் கூலியை மிச்சம் பிடியுங்கள், சோதனையைத் தெரிந்தவரிடம் விடுங்கள்.

கார் இப்போது ஒன்றரை வருடமாக ஒழுங்காக ஓடுகிறது. சில வாரம் எடுக்க மாட்டேன் என்று தெரிந்தால் டேங்க்கை விளிம்பு வரை நிரப்பி, பெட்ரோல் கெடாமல் இருக்க ஸ்டெபிலைசர் ஊற்றி, அது ரெயில் வரை போகட்டும் என்று பத்து நிமிடம் ஓட்டிவிட்டு நிறுத்துகிறேன். ஏர்ஃப்ளோ மீட்டரின் அந்தப் பல் சக்கரத்தை, காற்றும் பெட்ரோலும் எந்த விகிதத்தில் கலக்கின்றன என்று காட்டும் வைட்பேண்ட் ஆக்சிஜன் மீட்டரை நண்பரிடம் இரவல் வாங்கி மாட்டி, ஒவ்வொரு பல்லாகத் தளர்த்திப் பார்த்து ஓரிடத்தில் நிறுத்தியிருக்கிறேன். அது கம்பெனியிலிருந்து வந்த இடம்தானா என்று சத்தியம் செய்ய மாட்டேன். இந்த முறை மார்க்கரால் புள்ளி வைத்திருக்கிறேன்.